ஓநாயா, புழுவா? துருக்கியின் ‘குர்த்’, ஆங்கிலத்தின் ‘வுல்ஃப்’

‘ஆஜு குர்த், இன்ஸானு தெர்த் யெர்’ என்பது துருக்கியில் அடிக்கடி காதில் விழும் பழமொழி. மரத்தைக் குர்த் தின்னும், மனிதனைக் கவலை தின்னும் என்று பொருள். இதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் மரத்தை ஓநாய் தின்னும் என்று வந்து நிற்க வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. எந்தச் சிறிய அகராதியைத் திறந்தாலும் ‘குர்த்’ என்ற சொல்லுக்கு எதிரே முதலில் நிற்பது ஓநாய்தான். இரண்டாவதாக வருவது புழு.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எந்த மொழியிலும் சாதாரணம். ஆனால் காட்டில் மந்தையை அடிக்கும் விலங்குக்கும் ஆப்பிளுக்குள் நெளியும் பிராணிக்கும் ஒரே பெயர் என்றால் துருக்கி கற்க வருகிறவர்கள் திகைத்துத்தான் போவார்கள். தமிழர்களுக்கு அந்தத் திகைப்பு தேவையில்லை என்பது என் எண்ணம். நம் கிராமங்களில் பொழுது சாய்ந்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். “பூச்சி பொட்டு கிடக்கும், பாத்துப் போ” என்பார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். அதே ‘பூச்சி’ குழந்தையின் வயிற்றிலும் இருக்கும். அதற்குப் பூச்சி மாத்திரை கொடுப்போம். செடியில் இருப்பதும் பூச்சி, வரப்பில் சீறுவதும் பூச்சி, குடலில் இருப்பதும் பூச்சி. துருக்கியர் ஓநாய்க்குச் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

பழைய துருக்கியில் ஓநாய்க்கு வேறு சொல் இருந்தது: ‘போரி’. மங்கோலியாவின் ஒர்கோன் சமவெளியில், கி.பி. 732-இல் குல் தெகின் என்ற துருக்கிய இளவரசனின் நினைவாக நிறுத்திய கல்வெட்டில் அந்தச் சொல்லைக் காணலாம். என் தந்தை ககானின் (பேரரசரின்) படை ஓநாய்போல இருந்தது, பகைவர் ஆடுபோல இருந்தனர் என்று அதில் ஒரு வரி. அங்கே ஓநாய் ‘போரி’தான். ‘குர்த்’ அப்போது புழு. 1070-களில் பாக்தாதில் இருந்தபடி துருக்கிய மொழிகளுக்குப் பேரகராதி தொகுத்த காஷ்கரின் மஹ்மூத், குர்த் என்றால் புழு என்று எழுதிவிட்டு, ஓகுஸ்கள் மட்டும் ஓநாயையும் அப்படிச் சொல்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். ஓகுஸ் கிளையின் வழி வந்தவைதான் இன்றைய துருக்கியும் அஸர்பைஜானியும். அதனால்தான் இந்த இரட்டைப் பொருள் இந்தப் பக்கம் தங்கியது. உஸ்பெக்கிலும் கஸாக்கிலும் ஓநாய்க்கு இன்றும் ‘போரி’யின் வடிவம் உண்டு, அங்கே ‘குர்த்’ புழுவோடு நின்றுவிட்டது.

ஏன் மாறியது என்பதற்குச் சொல்லாய்வாளர்கள் பெரும்பாலும் தரும் விளக்கம் பயம். ஆட்டு மந்தையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு ஓநாயின் பெயர் வாயில் வரக் கூடாத பெயர். ஆகவே அற்பமான, காலால் நசுக்கக்கூடிய ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அஸர்பைஜானியில் இதே கதை இன்னொரு முறை நடந்திருக்கிறது. அங்கே ஓநாய்க்குப் புழக்கத்தில் உள்ள மற்றொரு பெயர் ‘ஜானவார்’. பாரசீகத்தில் இதற்கு உயிருள்ளது என்று பொருள். இந்தி தெரிந்தவர்களுக்கு ‘ஜான்வர்’ என்றால் விலங்கு என்று தெரிந்திருக்கும். ‘அந்த உயிர்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். அதே சொல் துருக்கிக்குள் ‘ஜானாவார்’ ஆகி அரக்கன் என்ற பொருளில் நிற்கிறது.

துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் கிராமங்களில் ‘ஓநாயின் வாயைக் கட்டுதல்’ என்று ஒரு சடங்கு உண்டு. மாலையில் மந்தை திரும்பும்போது ஓர் ஆடோ மாடோ குறைந்தால், தெரிந்த பெரியவரிடம் ஓடுவார்கள். அவர் ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, பிரார்த்தனை ஓதி, கத்தியை மடக்கிக் கயிற்றால் சுற்றிக் கட்டிவைப்பார். கத்தி மூடியிருக்கும்வரை ஓநாயின் வாய் திறக்காது. காணாமல்போன ஆடு கிடைத்ததும் கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். மறந்தால் எங்கோ ஓர் ஓநாய் பட்டினியில் செத்துப்போகும், அது பாவம் என்பது நம்பிக்கை. அந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. பயப்படுகிறவர்களே எதிரியின் வயிற்றையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பெயர் மாற்றமும் வாய்க்கட்டும் ஒரே மனநிலையிலிருந்து வந்தவை என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இனி, வாக்கியத்தில் குர்த் வந்தால் எதை எடுப்பது என்று பார்க்கலாம். துருக்கி மொழிக் கழகத்தின் அகராதி இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாக, ஒன்று இரண்டு என எண் போட்டுத் தருகிறது. எண் வாக்கியத்தில் வராதே. அக்கம்பக்கத்துச் சொற்களைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உருபு. உயிரெழுத்தில் தொடங்கும் உருபு சேர்ந்தால் குர்த்தின் கடைசி ஒலி மெலியும். நம் ‘பந்து’ என்ற சொல்லில் ‘து’ ஒலிப்பதுபோல. குர்த் என்பது குர்து, குர்தா, குர்துன் என்று ஆகும். இது இரண்டு பொருளுக்கும் பொது என்பதால் பிரித்தறிய உதவாது. ஆனால் அகராதியில் தேடும்போது இது தெரியாவிட்டால் சொல்லே கிடைக்காது.

உண்மையில் உதவுவது கூட்டுச்சொல். ‘எல்மா குர்து’ என்றால் ஆப்பிள் புழு. ‘ஆச் குர்து’ மரத்தைத் துளைக்கும் புழு. ‘கில் குர்து’ மயிரிழை போன்ற குடற்புழு, நம்மூரில் கீரிப்பூச்சி என்பது. இன்னொரு பக்கம், ‘தெனிஸ் குர்து’ என்றால் கடலோநாய், அதாவது கடலில் பழம் தின்று கொட்டை போட்ட மாலுமி. ‘போர்ஸா குர்து’ பங்குச் சந்தையில் ஊறிய ஆள். ஒரு எளிய சோதனை இதில் கிடைக்கிறது. முன்னால் நிற்கும் சொல் தின்னக்கூடிய பொருளாக இருந்தால் குர்த் பெரும்பாலும் புழு. அது அலைந்து திரிகிற களமாக இருந்தால் ஓநாய். ஆப்பிளைத் தின்னலாம், மரத்தைத் தின்னலாம். கடலிலும் சந்தையிலும் வேட்டையாடத்தான் முடியும்.

‘கிதாப் குர்து’ என்ற கூட்டில் மட்டும் இந்தச் சோதனை கொஞ்சம் வழுக்கும். புத்தகம் புழுவுக்குத் தீனி. ஆகவே நம் ‘புத்தகப் புழு’தான் அது. ஆனால் ‘போர்ஸா குர்து’வைக் கேட்டுப் பழகிய காது இதைப் புத்தக வேட்டைக்காரன் என்று எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. தமிழில் புத்தகப் புழு என்பதில் லேசான இளப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது; உலகம் தெரியாத ஆள் என்ற தொனி. துருக்கியில் அந்தத் தொனி மிகக் குறைவு, பெரும்பாலும் பாராட்டுத்தான். ஒரு பள்ளி தன் மாணவரை கிதாப் குர்து என்று புகழ்ந்தால், தமிழில் ‘வாசிப்பில் ஊறிய பிள்ளை’ என்று எழுதுவதே நேர்மை.

வினைச்சொல்லும் காட்டிக் கொடுக்கும். ஊளையிட்டால், கவ்விக்கொண்டு போனால், ஊருக்குள் இறங்கினால் ஓநாய். அரித்தால், குடைந்தால், உள்ளே விழுந்தால் புழு. ‘தின்னும்’ என்ற வினை இரண்டுக்கும் பொது. அந்தப் பழமொழி சறுக்குவது அங்கேதான்: ஐந்தே சொற்கள், வினை பொது வினை, துப்பு கொடுப்பது மரம் ஒன்றுதான்.

மனம் சம்பந்தப்பட்ட தொடர்களில் தமிழுக்குப் பெரிய வசதி இருக்கிறது. ‘இச்சினே குர்த் துஷ்தூ’, உள்ளே குர்த் விழுந்தது என்றால் சந்தேகம் புகுந்துவிட்டது என்று பொருள். உள்ளே ஒரு குர்த் என்னைக் கொறிக்கிறது என்றும் சொல்வார்கள். நாம் ‘மனசை அரிக்குது’ என்கிறோம், ‘மனசைக் குடையுது’ என்கிறோம். அரிப்பதும் குடைவதும் புழுவும் வண்டும் செய்கிற வேலைகள். பெயரைச் சொல்லாமல் வேலையை மட்டும் வைத்துக்கொண்டது தமிழ். பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டது துருக்கி. மொழிபெயர்க்கும்போது ‘சந்தேகப் புழு’ என்று கட்டாயமாகப் புழுவை இழுத்து வர வேண்டாம். ‘அரிக்கத் தொடங்கியது’ என்றாலே முழுவதும் வந்துவிடும்.

‘குர்த்லு’ என்றால் புழு உள்ளது: புழுத்த சீஸ், புழுத்த செர்ரி. ‘குர்த்லன்மாக்’ என்ற வினைக்கு நம் ‘புழுத்தல்’ அச்சாகப் பொருந்துகிறது. மாவும் பருப்பும் வண்டு பிடித்துப் போனாலும் துருக்கிக் குடும்பங்களில் இதே வினைதான். அங்கே தமிழில் ‘வண்டு வைத்துவிட்டது’ என்று மாற்ற வேண்டும். ஆளைப் பார்த்து “நீ என்ன குர்த்லுவா?” என்று கேட்டால் புழுத்தவன் என்று திட்டுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு இடத்தில் உட்காராமல் நெளிகிறாயே என்று கேட்கிறார்கள். ஆசனவாயில் கீரிப்பூச்சி அரிக்கும் குழந்தை இரவில் படுக்கையில் புரளும், பகலில் நெளியும். அதைப் பார்த்துப் பிறந்த வழக்கு. ‘குர்த்லாருனு தோக்மெக்’, தன் புழுக்களைக் கொட்டுதல் என்ற தொடரும் அங்கிருந்தே வருகிறது. நெடுநாள் அடக்கி வைத்த ஆசையைத் தீர்த்துக்கொள்வது, குறிப்பாகக் கல்யாண வீட்டில் கால் ஓயும்வரை ஆடித் தீர்ப்பது. ‘ஓநாய்களை உதிர்த்தனர்’ என்று எழுதிவிட்டால் வாசகர் அடுத்த வரிக்குப் போக மாட்டார். ‘ஆசை தீர ஆடினார்கள்’ போதும்.

ஓநாய்ப் பழமொழிகளுக்கும் நம்மிடம் இணை தேடினால் கிடைக்கும். ‘ஓநாய்க்கு மூட்டமான வானம் பிடிக்கும்’ என்பதற்குக் குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது. ‘ஓநாய் கிழடானால் நாய்களுக்குக் கேலிப்பொருள்’ என்பதற்கு ஏறத்தாழச் சேற்றில் விழுந்த யானையைக் காக்கையும் கொத்தும் என்பது. ‘ஓநாயிடம் உன் பிடரி ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டார்கள், என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதாம்’ என்ற பழமொழியை மட்டும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. எந்த இணை போட்டாலும் அந்தத் தடித்த பிடரி காணாமல் போகும்.

உருவகமாக ஆளைக் குறிக்கும்போது ஆங்கிலத்தோடு கவனமாக இருக்க வேண்டும். துருக்கியின் ‘எஸ்கி குர்த்’, பழைய ஓநாய், அனுபவசாலி, சூதானமானவர், மரியாதை கலந்த சொல். ஆங்கிலத்தின் வுல்ஃப் ஆளைக் குறித்தால் பெண்களைத் துரத்துகிறவன், சுரண்டுகிறவன் என்ற பக்கம்தான் பெரும்பாலும் சாயும். கடலில் அனுபவப்பட்டவனை ஆங்கிலம் ஓநாய் என்பதைவிடக் கடல்நாய் என்றுதான் சொல்லும். துருக்கியிலிருந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு மூத்த அரசியல்வாதி ‘கிழட்டு ஓநாய்’ ஆகிவிடுவது இந்த இடைத்தரகால்தான். மூலத்தில் அவரைப் பாராட்டியிருப்பார்கள்.

வேளாண்மை ஆவணங்களுக்கு வருவோம். தவறு பணமாகவும் பயிராகவும் விழுகிற இடம் இது. அதானாவைச் சுற்றிய சுக்குரோவா சமவெளி பருத்திக்குப் பேர்போனது. அங்குள்ள பருத்திப் பூச்சி அறிவுரைகளில் மூன்று குர்த்துகள் திரும்பத் திரும்ப வரும். யெஷில் குர்த், பச்சைக் குர்த்: நம்மூர் பச்சைக் காய்ப்புழு, அமெரிக்கன் காய்ப்புழு என்றும் சொல்வது. பெம்பே குர்த்: இளஞ்சிவப்புக் காய்ப்புழு. தி‌கென்லி குர்த், முள் குர்த்: நம் புள்ளிக் காய்ப்புழுவின் இனம். மூன்றும் இங்கும் அங்கும் ஒரே பூச்சி வகைகள். தமிழ்ப் பருத்தி விவசாயிக்குப் பெயர்களைச் சரியாகக் கொடுத்தால் மீதி எல்லாம் ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

நான்காவது ஒன்று இருக்கிறது. அதில்தான் பெரிய சறுக்கல்: ‘பொஸ்குர்த்’. பொஸ் என்றால் சாம்பல் நிறம். பொஸ்குர்த் என்றால் சாம்பல் ஓநாய். துருக்கியரின் தோற்றக் கதையில் அழிந்த குலத்தின் கடைசிச் சிறுவனைக் காப்பாற்றிய ஓநாய் மரபின் பெயர். 1927-இல் குடியரசு வெளியிட்ட முதல் பணத்தாள்களில் 5 லிரா தாளில் ஓநாய் இருக்கிறது. இன்று அது தேசியவாத அரசியலின் அடையாளம். கட்டைவிரலோடு நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து, மற்ற இரண்டு விரல்களையும் காதுபோல நிமிர்த்தும் முத்திரை அதற்குரியது. 2024 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் துருக்கியின் தடுப்பாட்டக்காரர் மெரிஹ் தெமிரால் கோல் அடித்துவிட்டு அந்த முத்திரையைக் காட்டியதற்காக இரண்டு ஆட்டங்களுக்குத் தடை பெற்றார்.

அதே பொஸ்குர்த் துருக்கி வேளாண் துறையின் தாள்களில் வெட்டுப்புழு. சாம்பல் நிறப் புழு என்று நேராகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பகலில் மண்ணுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். தொட்டால் வளையமாகச் சுருளும். இரவில் மேலே வந்து நாற்றின் தண்டை மண்மட்டத்தில் கத்தரித்துப் போடும். காலையில் வயலுக்குப் போனால் நாற்று சாய்ந்து கிடக்கும், தின்ற அடையாளம் அதிகம் இராது. ஒரு செடியோடு நிற்காமல் வரிசையில் அடுத்தடுத்து வெட்டிக்கொண்டு போகும் என்பதால், புழு ஒன்றானாலும் சேதம் பல நாற்றுகள். சாய்ந்த நாற்றைச் சுற்றி விரலால் கிளறினால் ஆளைப் பிடித்துவிடலாம். தவிட்டில் சர்க்கரையும் மருந்தும் பிசைந்து, அந்தி சாயும் நேரத்தில் செடியடியில் தூவுவது இரு நாடுகளிலும் பழைய வழி. காலையில் தூவினால் புழு வருவதற்குள் வெயிலில் காய்ந்து வீணாகும். ‘பொஸ்குர்த் எதிர்ப்பு நடவடிக்கை’ என்று ஒரு துருக்கித் தலைப்பைப் பார்த்தால், அரசியல் செய்தியா பயிர்ப் பாதுகாப்பா என்று முடிவுசெய்வதற்கு முன் அடுத்த வரியில் சோளமோ புகையிலையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

புழு என்று பார்த்த இடமெல்லாம் குர்த் போடவும் முடியாது. மண்புழு ‘ஸொலுஜான்’. கணினிக்குள் பரவும் தீநிரலும் ஸொலுஜான்தான். கம்பளிப்புழு ‘திர்தில்’. பட்டுப்புழு துருக்கியில் புழுவே இல்லை, பட்டுப்பூச்சி. கூட்டுப்பருவத்துக்கு முந்தைய அதே புழுவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இளம்புழுப் பருவத்துக்கு அறிவியல் சொல் ‘குர்த்சுக்’, குட்டிக் குர்த். இயந்திரங்களில் திருகுப் பல்லால் சக்கரத்தைச் சுழற்றும் பாகத்தை ஆங்கிலம் புழு என்கிறது. துருக்கியர் முடிவில்லாத் திருகு என்கிறார்கள். எனக்கு இதில் துருக்கிப் பெயர்தான் தெளிவு.

ஆங்கிலத்தின் பக்கம் போனால் ஓநாய் வேறு திசையில் கிளைக்கிறது. அங்கே அது தின்னித்தனம். அவசர அவசரமாக விழுங்குவதற்கு வினைச்சொல்லே ஓநாய்தான். துருக்கியரும் பசித்தால் ‘ஓநாய்போலப் பசிக்கிறது’ என்பார்கள், ஆனால் வினையாக்கவில்லை. ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளிகள் இந்தத் தின்னித்தனத்தைக் கல்லிலும் கண்டார்கள். ஸாக்ஸனிப் பகுதியில் வெள்ளீயத் தாதுவை உருக்கும்போது ஒரு கறுப்புக் கனிமம் கூடவே வந்து, வெள்ளீயத்தைக் கசடோடு இழுத்துக்கொண்டு போகும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல வெள்ளீயத்தைத் தின்கிறது என்று அதற்கு ஓநாய்ப் பெயர் வைத்தார்கள். 1546-இல் ஜெர்மன் சுரங்க அறிஞர் அக்ரிகோலா அதை லத்தீனில் ‘ஓநாய் நுரை’ என்று எழுதினார். அதுவே வொல்ஃப்ராம், நாம் டங்ஸ்டன் என்று பல்பில் பார்த்தது. வேதியியல் குறியீட்டில் டபிள்யூ எழுத்து வந்த காரணமும் அதுவே.

தாதுவைக் கழுவிப் பிரித்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கழுவிப் பிரிப்பது எடை வித்தியாசத்தை நம்பிய வேலை. வெள்ளீயத் தாதுவின் அடர்த்தி சுமார் 7. இந்த ஓநாய்க் கனிமத்தின் அடர்த்தி 7 முதல் 7.5. தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே அடியில் தங்கும். அது லேசாகக் காந்தத்துக்கு இழுபடும் என்பதைப் பயன்படுத்திப் பிரிக்கும் கருவிகள் வரும்வரை உலைக்காரர்களுக்குத் தலைவலிதான். 1783-இல் ஸ்பெயினின் எலுயார் சகோதரர்கள் அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்தார்கள். 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும் உலோகம் அது. துருக்கியில் வொல்ஃப்ராம் என்ற பெயரும் புழங்குகிறது. அதற்குள் ஓநாய் ஒளிந்திருப்பது ‘குர்த்’ பேசுகிற காதுக்குத் தெரியாது.

இசையிலும் ஆங்கிலத்துக்கு இரண்டு ஓநாய்கள் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று சுருதி சேர்ப்பது சம்பந்தப்பட்டது. ச–ப இடைவெளி சுத்தமாக இருந்தால் 702 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1,200 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஐரோப்பாவில் பழைய விசைக் கருவிகளுக்குக் கையாண்ட ஒரு முறையில் காந்தாரம் இனிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ச–பவையும் 696.6 சென்டுக்குக் குறுக்கினார்கள். பதினொன்றை இப்படிக் குறுக்கியதும் பன்னிரண்டாவது 737.6 சென்டாக வீங்கிவிடும். அந்த இரண்டு விசையையும் சேர்த்து அழுத்தினால் ஊளைதான். அதற்குப் பெயர் ஓநாய் இடைவெளி. இசையமைப்பாளர்கள் அந்தப் பக்கமே போகாமல் எழுதினார்கள்.

மற்றொன்று வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவை வாசிப்பவர்களின் பாடு. செல்லோவின் மரப்பெட்டிக்கென்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு; பெரும்பாலான கருவிகளில் அது நொடிக்கு 165 முதல் 185 அதிர்வுகளுக்குள் விழும். கம்பியில் அதே சுரத்தை வாசிக்கும்போது பெட்டி கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு திருப்பித் தள்ளும், மறுபடி உறிஞ்சும். வில் சீராக ஓடினாலும் ஒலி விட்டுவிட்டு உறுமும். மலிவான கருவியில்தான் வரும் என்று நினைப்பது தவறு. பெட்டி நன்றாக முழங்கும் உயர்ந்த கருவிகளிலும் வரும். இதற்குப் பித்தளைக் குழாய் ஒன்றை ரப்பர் உறையோடு, கம்பியைத் தாங்கும் குதிரைக்கும் வால்பலகைக்கும் இடையே உள்ள கம்பித் துண்டில் மாட்டி, திருகி இறுக்குவார்கள். பெரும்பாலும் மூன்றாம் கம்பியில், சில கருவிகளில் நான்காம் கம்பியில். சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பலிக்காது, அல்லது உறுமல் பக்கத்துச் சுரத்துக்கு நகர்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சரியான இடம் பிடிக்க வேண்டும். அவசரத்துக்கு முழங்காலால் பெட்டியை அழுத்திப் பிடிப்பதும் உண்டு. கம்பியைத் தாங்கும் அந்தப் பாகத்தை நாம் குதிரை என்கிறோம், துருக்கியர் வாசற்படி என்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு ஆங்கிலமும் ஓரிடத்தில் துருக்கியோடு கைகோக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் முயல், அணில், சில சமயம் பூனைக்குட்டியின் தோலுக்கு அடியில் ஓர் ஈயின் புழு வளரும். கழுத்தில் கட்டிபோல வீங்கி, நடுவில் மூச்சுவிட ஒரு துளை இருக்கும். அந்த ஊர் மக்கள் அதை ‘ஓநாய்ப் புழு’ என்கிறார்கள்; பேச்சில் வெறும் ஓநாய் என்றே சொல்வதும் உண்டு. நசுக்கிப் பிதுக்கக் கூடாது; புழு உள்ளே உடைந்தால் விலங்குக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். துளையை அகலப்படுத்தி முழுதாக எடுப்பது மருத்துவரின் வேலை. துருக்கி புழுவின் பெயரை ஓநாய்க்குக் கொடுத்தது, இவர்கள் ஓநாயின் பெயரைப் புழுவுக்குக் கொடுத்தார்கள். உள்ளிருந்து தின்பதும் வெளியிலிருந்து தின்பதும் விவசாயியின் கண்ணுக்கு ஒரே எதிரிதான் போலும்.

மூலிகைப் பெயர்களில் ஒரு எச்சரிக்கை. ‘குர்த்போவான்’, ஓநாயை மூச்சடைக்க வைப்பது, கொடிய நஞ்சுச் செடி. ஆங்கிலத்திலும் அதற்கு ஓநாய்க்கொல்லி என்றே பெயர். நம் சித்த மருத்துவத்தில் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்று சொல்லும் நாவி இதே குடும்பம். குர்த்தைப் புழு என்று எடுத்து ‘பூச்சிக்கொல்லி மூலிகை’ என்றோ, இன்னும் மோசமாகக் ‘குடற்புழு நீக்கி’ என்றோ மொழிபெயர்த்தால் உயிர் போகும் பிழை. குடற்புழு மருந்துக்குத் துருக்கியில் ‘குர்த் துஷுருஜு’, குர்த்தை விழச் செய்வது என்று தனிப் பெயர் உண்டு. எழுத்துகளைச் சரிபார்க்காமல் செடிப் பெயரை மாற்றவே கூடாது.

எழுத்து என்றதும் தமிழுக்கென்றே உள்ள ஓர் ஆபத்து. நம் நாளிதழ்கள் குர்து மக்கள் என்று எழுதுகிறார்களே, அவர்களுக்குத் துருக்கியில் உள்ள பெயர் வேறு உயிரெழுத்துக் கொண்டது. உதட்டை ‘உ’ சொல்லக் குவித்து, நாக்கை ‘இ’ சொல்ல வைத்தால் வரும் ஒலி அது. எழுதும்போது யூ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி. ஓநாய்க்குப் புள்ளி கிடையாது. சொற்களுக்கிடையே உறவும் கிடையாது. புள்ளி இல்லாத விசைப்பலகையில் தட்டிய வாக்கியத்தில் ஓர் இனத்தாரின் பெயர் விலங்காகிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டும் ‘குர்து’ என்றே விழுவதால் நம்மிடம் ஆபத்து இன்னும் அதிகம். மூலத்தின் புள்ளியைப் பார்த்து முடிவுசெய்து, விலங்கென்றால் ‘ஓநாய்’ என்று தமிழிலேயே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு. ‘குர்துலுஷ்’ என்று பார்த்தாலும் ஓநாயைத் தேட வேண்டாம். அது விடுதலை, வேறு வேர்ச்சொல்.

இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் உயிரோடு நிற்கிற ஒரு வாக்கு இருக்கிறது. அனத்தோலிய விவசாயி விதை தூவும்போது ‘குர்தா, குஷா, ஆஷா’ என்று சொல்லித் தூவுவது வழக்கம். குர்த்துக்கு, பறவைக்கு, சோற்றுக்கு. விளைச்சலில் மூன்று பங்கு. ‘குர்தா குஷா யெம் ஒல்மாக்’ என்று மற்றொரு தொடர், குர்த்துக்கும் பறவைக்கும் இரையாதல். வெட்டவெளியில் பிணமாகக் கிடப்பதைச் சொல்வது. சொற்கள் இரண்டும் அதேதான். பின்னதில் சந்தேகமே இல்லை, ஓநாய். தமிழில் ‘நாய்க்கும் நரிக்கும் இரையாவது’ என்று போட்டுவிடலாம். முன்னதில் விதையைத் தின்ன ஓநாய் வராது. மண்ணிலிருக்கும் புழுவுக்குத்தான் பங்கு என்பது நேர்ப்பொருள். ஆனால் துருக்கியில் ‘குர்த் குஷ்’ என்ற இணை காட்டிலும் வெளியிலும் உள்ள உயிர்கள் அனைத்தையும் குறிக்கும் இரட்டைச் சொல்லாகவும் வழங்குகிறது. அதனால் கேட்பவர் காதில் ஓநாயும் கூடவே நடந்து வருகிறது. புழுவுக்கு என்று எழுதினால் சொல் சுருங்கிவிடும், ஓநாய்க்கு என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். ‘பூச்சி பொட்டுக்கு, பறவைக்கு, சோத்துக்கு’ என்று நான் எழுதுவேன்.